திரும்பி வந்த தட்டுகள்

கிளிநொச்சி
07.01.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி சிவலட்சுமி எழுதுகிறேன். நானும் மகள் கஜனியும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் எப்படி? தை மாதத்தில் நானுஓயாக் குளிர் எலும்புக்குள் இறங்கும் என்று அம்மா சொல்லுவா. ஆறு வயதில் அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு வந்த எனக்கு அந்தக் குளிர் ஞாபகம் இல்லை. நன்றாகப் போர்த்திக்கொண்டு இருங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் கத்தினால் டிப்போச் சந்தி முழுக்கக் கேட்கும், உங்களுக்கு மட்டும் கேட்காது. அதனால் பழையபடி கடிதம்தான். அம்மா அப்பாவோடு நான் வன்னியில் விசுவமடுவுக்கு வர, நீங்கள் அத்தை வீட்டில் தங்கிய நாளிலிருந்து எழுதுகிறோம். இனி ஏன் விட வேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். நான் கடை திறக்கப்போகிறேன், அண்ணா! வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தது போதும். ஏ9 வீதியில், பஸ் நிற்கும் இடத்துக்குக் கிட்ட, சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை. இருபது கதிரை. மூன்று அடுப்பு. புகை போக மேலே பெரிய குழாய். கமலேஸ்வரி என்று விசுவமடுப் பிள்ளை ஒருத்தியைச் சமையலுக்கு வைத்திருக்கிறேன்.

2010இல் எங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் கண்ட கிளிநொச்சி இல்லை இது. பின்னேரம் நடைபாதையால் நடந்தால் மூக்கே வழி காட்டும். ஒரு பக்கம் கொத்து றொட்டி, ஒரு பக்கம் பொரித்த கோழி, கண்ணாடி போட்ட ஜூஸ் கடை இரண்டு. பீட்சாவும் வந்துவிட்டது. குடும்பம் குடும்பமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார்கள். முகாமில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிய சனம், அண்ணா. இன்றைக்கு வீட்டில் அடுப்பு இருந்தும் ஆசைக்காக வெளியே வந்து சாப்பிடுகிறது. அதைப் பார்க்கும்போது யாருக்கு நன்றி சொல்வது என்றே எனக்குத் தெரிவதில்லை.

ஒருவருக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்குத் தெரியும். அதனால் கடைக்கு ‘வீரையா உணவகம்’ என்று பெயர் வைத்துவிட்டேன். கீழே, ‘நுவரெலியா பெரிய ஹோட்டல் பிரதம சமையற்காரர் வீரையாவின் கைப்பக்குவம்’ என்று எழுதியாயிற்று. 2009இல் செட்டிகுளம் அகதி முகாமில் எங்கள் கூடாரத்தில் பதினாறு பேர். அங்கே வந்த உங்கள் மூன்று கடிதங்களையும் நான் சத்தமாக வாசிப்பேன். ஆட்டிறைச்சி ரோஸ்ட், உருளைக்கிழங்கு, கேரமல் புடிங் என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். கஜனிக்கு அப்போது பத்து வயது. கண்ணை மூடிக்கொண்டு, “அம்மா, மாமா என்ன சமைச்சவர் எண்டு இன்னொருக்கா வாசியுங்கோ” என்பாள். சில நாள் எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

பெப்ரவரி இரண்டாம் திகதி, தை வெள்ளி, நல்ல நாள். நீங்கள் வந்து பால் காய்ச்ச வேண்டும். பிறகு திரும்பிப் போகக்கூடாது. ஓய்வு பெற்று லயத்தில் தனியே இருந்து என்ன செய்கிறீர்கள்? குசினி, அடுப்பு எல்லாம் உங்களுடையது. முதலில் அந்த உயரமான வெள்ளைத் தொப்பியோடு எடுத்த படம் ஒன்று அனுப்புங்கள், சுவரில் மாட்ட.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
சிவலட்சுமி

*

நானுஓயா
19.01.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் வீரையா. முழங்கால் நடக்கிறது, நான் சொல்கிற பக்கம் போகிறதில்லை. நீயும் மருமகளும் சுகம் என்று வாசித்துச் சந்தோஷம்.

கடை திறப்பதைக் கேட்டு லயத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அப்பா இருந்திருந்தால் விசுவமடுவிலிருந்து நடந்தே வந்து முதல் கதிரையில் உட்கார்ந்திருப்பார்.

பெயர்ப்பலகைதான் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அம்மன் பெயர் ஏதாவது வைத்திருக்கலாம். இப்போதும் காலம் போகவில்லை. தொப்பி போட்ட படம் என்னிடம் இல்லை. பால் காய்ச்ச வருவதும் சிரமம். இந்தக் குளிரில் பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வந்தால் கால் மடங்காது. கோபிக்காதே.

ஒன்று கேட்கிறேன். பாத்திரம் கழுவும் இடம் எங்கே வைத்திருக்கிறாய்? தண்ணீர் தாராளமாக வருமா? வெளிச்சம் உண்டா? புகைக் குழாயைப் பற்றிக்கூட எழுதியவள், அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இத்துடன் ஒரு கிலோ தேயிலை அனுப்புகிறேன். முதல் நாள் வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடு. நல்ல தேயிலை, பால் கலந்து கெடுத்துவிடாதே.

உன் வளர்ச்சியை இங்கிருந்தே கும்பிடும்,
அண்ணன் வீரையா

*

கிளிநொச்சி
06.02.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்பால் சுகம். மானம்தான் போய்விட்டது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலுக்குப் பால் பொங்கியது. வங்கி மனேஜர், பக்கத்துக் கடைக்காரர்கள், கோயில் தலைவர், ஆசிரியர்மார் எல்லாரும் வந்துவிட்டார்கள். உங்கள் தேயிலையைக் குடித்துவிட்டு, “ஆகா, மலைநாட்டுத் தேத்தண்ணி” என்று புகழ்ந்தார்கள். முதல் நாள் யாரும் குறை சொல்லக்கூடாது என்று பதினைந்து கிலோ ஆட்டிறைச்சியில் புரியாணி போட்டிருந்தேன். கஜனி கிடாரத்து மூடியைத் திறந்தாள். வாசம் வீதியைக் கடந்து போனது. ஒருவரும் கை கழுவ எழும்பவில்லை. கடைசியில் வங்கி மனேஜர்தான் மெல்லச் சொன்னார்: “அக்கா, குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு வெள்ளிக்கிழமை எல்லோ. அதுவும் தை வெள்ளி. நாங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டம்.”

அண்ணா, நானும்தான் வெள்ளிக்கிழமை மச்சம் தொடுகிறதில்லை! பிறந்த நாள் தொட்டு! அன்றைக்கு விரதம் என்று அந்தப் புரியாணிக்கு உப்புக்கூட நான் பார்க்கவில்லை. கமலேஸ்வரியும் விரதம், அவளும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் விரதம் இருந்துகொண்டே பதினைந்து கிலோ இறைச்சி சமைத்தோம், ஒருத்தி மண்டைக்கும் ஏறவில்லை. நாள் பார்த்துத் தந்த ஐயரும் “திறக்கலாம்” என்றார், என்ன சமைக்கப்போகிறாய் என்று கேட்கவில்லை. எல்லாரும் வடையும் கேசரியும் சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

பக்கத்தில் இரும்புக்கடை வைத்திருக்கிற றவூப் நானா எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, மூடிய மூடுங்க. சூடு போயிரக் கூடாது. ஜும்ஆ முடியட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தொழுகை முடிந்து ஒன்றரை மணி இருக்கும், நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாரே, அண்ணா! இறைச்சி அவருடைய மச்சான் கடையில் வாங்கியதுதான், அதனால் அவர்கள் சாப்பிடத் தடையில்லை. கிடாரத்தின் அடிவரை வழித்துவிட்டார்கள். “உப்பு கொஞ்சம் கொறவு, ஆனா ருசி” என்றார். அந்த மனிதனை என் உயிர் உள்ளவரை மறக்கமாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு வியாபாரம் மந்தம். வருகிறவர்கள் இரண்டாம் முறை வருகிறார்கள் இல்லை. சுற்றிலும் கண்ணாடி போட்ட புதுக் கடைகள். நானும் பிறைட் றைஸ், நூடில்ஸ், மயோனைஸ் சலட் எல்லாம் போட்டுப் பார்க்கிறேன். “எங்க உங்கட பிரதம சமையற்காரர்?” என்று பலகையைக் காட்டிக் கேட்கிறார்கள். நீங்கள் வரும்வரை சமையல் குறிப்பாவது எழுதி அனுப்புங்கள்.

உங்கள் கையை நம்பியிருக்கும்,
சிவலட்சுமி

*

நானுஓயா
17.02.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உடம்பு சுகம். உன் கடிதத்தை வாசித்துச் சிரித்ததில் வயிறு மட்டும் வலிக்கிறது. பக்கத்து லயத்துக்காரர் எட்டிப் பார்த்து, “என்னாங்க அண்ணே, தனியா சிரிக்கிறீங்க?” என்று கேட்டார். ஆனால் உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது. தை வெள்ளி என்று நீ எழுதியிருந்தாய், நானும் வாசித்தேன், எனக்கும் ஏறவில்லை. றவூப் நானாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. இப்படி ஒரு பக்கத்துக்கடை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

சமையல் குறிப்பு இருக்கட்டும். அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். என்ன விற்றது என்று எழுதாதே. தட்டில் என்ன திரும்பி வந்தது என்று எழுது.

உன் கடையில் தட்டின் மேல் பொலித்தீன் தாள் விரித்துத்தானே சோறு போடுகிறாய்? கழுவுகிற வேலை மிச்சம் என்று எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். சாப்பிட்டு முடிந்ததும் தாளைச் சுருட்டி வாளியில் போட்டுவிடுவார்கள். உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. முதலில் அந்தத் தாளை எடு. வெறும் தட்டில் போடு. எழும்பிப் போனவரின் தட்டைப் பத்து நாள் நீயே பார்த்து எழுது. யார் விட்டது, எவ்வளவு விட்டது, எந்தப் பக்கத்தில் விட்டது, எல்லாம் வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடைக்காரிகள் சாப்பிட மறந்துவிடுவார்கள்.

அண்ணன் வீரையா

*

கிளிநொச்சி
10.03.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தான், கோபத்தோடு சுகம். நான் கேட்டது சமையல் குறிப்பு, நீங்கள் எச்சில் தட்டைப் பார்க்கச் சொல்கிறீர்கள். கமலேஸ்வரியிடம் சொன்னேன். “அக்கா, நான் சமைக்க வந்தனான், எச்சில் கிளற வரேல்லை” என்று முகத்தைத் திருப்பிவிட்டாள். ஆகவே பத்து நாளும் நானே பார்த்தேன். கஜனி தலையில் அடித்துக்கொண்டாள்.

இதோ நீங்கள் கேட்டது. மயோனைஸ் சலட் போனபடியே வருகிறது, ஒருவரும் தொடவில்லை. வங்கியில் வேலை செய்கிற பெண்பிள்ளைகள் சோற்றில் சரிபாதி விடுகிறார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் சோறு, கறி எல்லாவற்றிலும் பாதி விடுகிறார்கள், அதுவும் தட்டின் நடுவில். அறிவியல் நகரில் படிக்கிற பெடியங்கள் ஒன்றும் விடவில்லை, தட்டைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். நாயாற்றுக் கணவாய்க் கறியும் கட்டைச் சம்பலும் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அந்தச் சம்பல் விற்பதற்கு வைத்ததில்லை, நாங்கள் சாப்பிட அரைத்தது. கேட்டார்கள், கொடுத்தோம்.

இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்களோ தெரியாது. பெரிய ஹோட்டலில் இப்படித்தான் படிப்பித்தார்களா?

குளிருக்குத் தலையில் ஏதாவது கட்டுங்கள்.

சிவலட்சுமி

*

நானுஓயா
20.03.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

தலையில் துண்டு கட்டியபடியேதான் எழுதுகிறேன். இருமல் இல்லை. நீ நன்றாகப் பார்த்திருக்கிறாய். எனக்கு உன் கடையே கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

பஸ்ஸில் வருகிறவர்கள் மிச்சம் விடுவது ருசியில்லை என்பதற்காக இல்லை. அவர்களுக்குக் கால்மணி நேரம்தான். நீ சுடச்சுடக் குவித்துப் போடுகிறாய். ஓரம் ஆறியதைச் சாப்பிடுவார்கள், நடு ஆறும் முன் டிரைவர் ஹோன் அடித்துவிடுவார். அதனால்தான் மிச்சம் நடுவில் இருக்கிறது. அகலமான தட்டில் பரப்பிப் போடு. பஸ் நிற்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முந்தியே ஆற வை.

வங்கிப் பிள்ளைகளுக்குச் சின்னச் சாப்பாடு என்று ஒன்று வை. பாதி விட்டுவிட்டுப் போகிறவளுக்கு வெட்கம், வெட்கப்பட்டவள் திரும்பி வரமாட்டாள். படிக்கிற பெடியங்கள் தட்டைத் துடைத்து வைத்தால் நிறைந்தது என்று நினைக்காதே. குழம்பு போதவில்லை, கேட்கக் கூச்சம் என்று அர்த்தம். கேட்கும் முன்னமே ஊற்று. சலட்டை நிற்பாட்டு. கணவாயும் சம்பலும் உன் கடையின் சொத்து. கண்ணாடிக்கடைக்காரன் செய்வதை நீ ஏன் செய்ய வேண்டும்? வெள்ளிக்கிழமை சைவம் என்று வாசலில் எழுதிப் போடு.

கமலேஸ்வரி கையில் ருசி இருக்கிறது. அதை அவளிடம் சொல்லு. சமைக்கிறவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

அன்புடன் வீரையா

*

கிளிநொச்சி
28.04.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகத்துக்கு மேல் சுகம். வருசத்துக்கு நீங்கள் அனுப்பிய சேலைக் காசில் கஜனிக்குச் சட்டை எடுத்தேன், ஏசாதீர்கள்.

அண்ணா, நீங்கள் சொன்னதெல்லாம் செய்தேன். பங்குனி முடிவதற்குள் கடை நிறைந்துவிட்டது! பஸ்ஸில் வருகிறவர்கள் டிரைவரிடம் “வீரையா கடையில நிப்பாட்டுங்கோ” என்கிறார்களாம். பெடியங்கள் குழம்புக்காகவே வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சைவம் என்றதும் கோயிலுக்கு வந்தவர்கள் முழுக்க எங்களிடம்தான். ஜும்ஆ முடிந்து வருகிற றவூப் நானா ஆட்கள், “எங்கட இறைச்சிய சனிக்கிழமைக்கு வைங்க தங்கச்சி” என்று சிரித்துவிட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறி சாப்பிடுகிறார்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்ல? சாமிப் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் கடிதங்களை வைத்திருக்கிறேன்.

இனித்தான் பெரிய விஷயம். மதுசன் என்று பரந்தன் பிள்ளை, யூடியூப்பில் சாப்பாட்டுக் கடைகளைப் படம் பிடித்துப் போடுகிறவன். அவன் நல்லது என்று சொன்னால் கனடாவிலிருந்து வருகிறவர்களும் தேடி வருவார்கள். எங்கள் கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, “அக்கா, உங்கட அண்ணாவை அடுப்படியில நிக்க வைச்சு ஒரு வீடியோ எடுப்பம். பெரிய ஹோட்டல் குக், கிளிநொச்சியில. சனம் விட்டிடுமே?” என்றான். நான் ஓம் என்றுவிட்டேன். ஜூன் இரண்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. சந்தியெல்லாம் சொல்லிவிட்டான். இந்த முறை முழங்கால் கதை வேண்டாம். தொப்பியையும் கொண்டு வாருங்கள்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
சிவலட்சுமி

*

நானுஓயா
25.05.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. சுகம் என்று எழுதினால் பொய்யாகும். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நான் சமையற்காரன் இல்லை, சிவலட்சுமி.

முப்பத்தாறு வருடம் அந்த ஹோட்டலில் தட்டும் பாத்திரமும் கழுவினேன். முதல் நாள் எந்த இடத்துக்குப் போனேனோ, கடைசி நாளும் அந்த இடத்திலிருந்துதான் வெளியே வந்தேன். குசினிக்குப் பின்னால், யன்னல் இல்லாத அறை. என் காது போனதும் அங்கேதான். நாள் முழுக்கப் பாத்திரம் விழுகிற சத்தம். வெள்ளைத் தொப்பி என் தலையில் ஒருநாளும் ஏறியதில்லை.

வேலை கிடைத்ததும், ‘ஹோட்டல் குசினியில் வேலை’ என்று அப்பாவுக்கு எழுதினேன். அது பொய்யில்லை. அப்பா விசுவமடு முழுக்க ‘என் மகன் குக்’ என்று சொல்லித் திரிகிறார் என்று நீ பதில் எழுதினாய். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. அடுத்த கடிதத்தில் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்தது, அடுத்தது என்று அப்பாவும் போய்ச்சேர்ந்தார்.

முகாமுக்கு எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறீர்கள் என்று ரேடியோவில் கேட்டேன். அன்றைக்கு எனக்கு முன்னால் வந்து குவிந்த தட்டுகளில் இறைச்சி பாதி பாதியாகக் கிடந்தது. வாளியில் கொட்டக் கை வரவில்லை. கொட்டாமலும் இருக்க முடியாது. என்னென்ன கொட்டினேன் என்று உனக்கு எழுதினேன். நான் சமைத்தேன் என்று எழுதவில்லை. சமைக்கவில்லை என்றும் எழுதவில்லை. அதுதான் என் பிழை.

என் பெயரை இறக்கிவிடு. படம் பிடிக்க வருகிற பிள்ளையிடம் நான் செத்துப்போனேன் என்றாலும் சொல்லு. கஜனிக்கு நீயே சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை. மன்னித்துக்கொள்.

வீரையா

*

நானுஓயா
24.06.2024

தங்கச்சிக்கு,

நீ சுகமா? ஒரு மாதமாகிறது. தபால்காரன் என்னைக் கண்டால் இப்போது தூரத்திலேயே கையை ஆட்டி இல்லை என்கிறான்.

ஏசியாவது இரண்டு வரி எழுது. பதில் எழுத விருப்பம் இல்லையென்றால் வெறும் கடித உறையை அனுப்பு. நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும். மழைக்கு முன் வடிகானைத் துப்புரவாக்கு. எண்ணெய்ப் பாத்திரத் தண்ணீரை அதில் விடாதே, அடைத்துக்கொள்ளும்.

வீரையா

*

கிளிநொச்சி
02.07.2024

அன்புள்ள என் அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். உங்களைத் தவிக்க விட்டதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தபோது கடை நிறையச் சனம். நின்றபடியே வாசித்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் மனதுக்குள் உங்களோடு சண்டை. தட்டுக் கழுவியதற்கு இல்லை. அப்பாவுக்குச் சொல்லாததற்கும் இல்லை. எனக்குச் சொல்லாததற்கு! நான் என்ன, கழுவுகிற வேலையைக் கண்டால் முகம் சுளிக்கிறவளா? எத்தனை சட்டி பானை கழுவி இந்தக் கை தேய்ந்தது என்று உங்களுக்குத் தெரியாதா?

பிறகு முகாமுக்கு வந்த அந்த மூன்று கடிதங்களையும் எடுத்து வாசித்தேன். “நான் வறுத்தேன், நான் தாளித்தேன்” என்று ஒரு வரிகூட இல்லை. “இறைச்சி பாதி அப்படியே இருந்தது, புடிங்கைத் தொடவே இல்லை” என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு நிறையச் சமைத்தார் அண்ணா என்று நான் விளங்கிக்கொண்டேன். பதினைந்து வருடம் வைத்து வைத்து வாசித்திருக்கிறேன், மக்கு.

கஜனிக்குச் சொன்னேன். கேட்டாள், “அப்ப மாமா அண்டைக்குச் சாப்பிட்டவரோ அம்மா?” இரண்டு பேரும் இருந்து அழுதோம்.

அண்ணா, என் கடையைத் தூக்கி நிறுத்தியது எந்தச் சமையற்காரன்? ஒருவனும் இல்லை. முப்பத்தாறு வருடம் தட்டைப் பார்த்த கண். சட்டிக்குள் எது போனது என்று சமைக்கிறவருக்குத் தெரியும். எது பிடிக்கவில்லை என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் ஒரு வேலை தொடங்கினேன். அதுதான் இந்த ஒரு மாதம். பின்னால் இருந்த கழுவுகிற இடத்தை இடித்து, சாப்பிடும் அறைக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். தண்ணீர் நிற்காமல் வரும். சுவரில் பெரிய யன்னல், தட்டெல்லாம் அதால்தான் உள்ளே போகும். றவூப் நானா தன் கையாலேயே சட்டம் பூட்டித் தந்தார். கழுவ இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், உங்கள் கை நனையாது. யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருக்கிறேன். அதில் நீங்கள் இருக்க வேண்டும்.

பெயரை இறக்கமாட்டேன். மற்ற வரியை அழித்துவிட்டேன், அது பொய். இப்போது பலகையில் இருப்பது இதுதான்:

‘வீரையா உணவகம். சமையல்: கமலேஸ்வரி. சாப்பாட்டில் குறை இருந்தால் தட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எங்கள் அண்ணன் பார்ப்பார்.’

பிடிக்கவில்லையென்றால் வந்து சொல்லுங்கள், நானே அழிக்கிறேன். கமலேஸ்வரி தன் பெயரைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்கக் குசினிக்குள் பாடிக்கொண்டிருந்தாள். மதுசனிடம் ஜூன் இரண்டு அன்று உங்களுக்குக் காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். உண்மையைச் சொல்வதா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பலகையை வாசித்துவிட்டு, “இது என்ன அக்கா புதுக் கதை, நான் அவரைக் கட்டாயம் பார்க்கோணும்” என்று நிற்கிறான்.

வாருங்கள், அண்ணா. உங்கள் எழுத்தைச் சாப்பிட்டு உயிர் வாழ்ந்தவர்கள் கூப்பிடுகிறோம்.

தங்கச்சி சிவலட்சுமி

*

நானுஓயா
09.07.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். இன்றைக்கு உண்மையாகவே சுகம்.

உன் கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்தேன். எழுத நிறைய இருக்கிறது, மிச்சத்தை நேரில் சொல்கிறேன். பதினாலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை வெளிக்கிடுகிறேன். வவுனியாவில் பஸ் மாற வேண்டும். டிரைவரிடம் “வீரையா கடையில் நிற்பாட்டுங்கள்” என்று நானும் கேட்டுப் பார்க்கப்போகிறேன். மதுசனிடம் எல்லாவற்றையும் சொல்லு, ஒளிக்க ஒன்றும் இல்லை.

மருமகள் கேட்டதற்குப் பதில்: அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்ற நாட்களில் சாப்பிட்டேன் என்று சொல்லு.

அண்ணன் வீரையா

*

(சாப்பாட்டு பில்லின் பின்பக்கத்தில், பென்சிலால்)

யன்னலடி, வீரையா உணவகம்
19.07.2024, ஆடி வெள்ளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

யன்னலுக்கு இந்தப் பக்கம் அண்ணன் சுகம். நீ கஜனியை ஏசுவது தெரிகிறது, கேட்கவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

பஸ் மூன்று வந்து போய்விட்டது. தட்டெல்லாம் துப்புரவு. ஒரு தட்டில் கத்தரிக்காய்க் காம்பு, அது குறை இல்லை. மூலை மேசையில் இருந்த அம்மா பருப்பை விட்டுவிட்டார், உறைப்பு அவருக்குக் கூடிவிட்டது. கமலேஸ்வரியிடம் மெதுவாகச் சொல்லு. மதுசன் தன் தட்டைத் தானே கொண்டுவந்து தந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்ன சொல்கிறான் என்று விளங்கவில்லை, ஆனால் அழுகிறான் என்று தெரிகிறது.

றவூப் நானாவின் தட்டு வந்தது. கஜனியுடையது வந்தது. கமலேஸ்வரியுடையதும் வந்தது. மணி மூன்றாகிறது.

உன்னுடையது இன்னும் வரவில்லை. எழும்பிப் போய் முதலில் சாப்பிடு. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்